நம் ஊர் எமர்ஜென்சி வார்டில் கேமரா வைக்கலாமா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி, வேலை லண்டனில். ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேனல் 4 தொலைக்காட்சி 2011 மே மாதம் தொடங்கிய '24 அவர்ஸ் இன் ஏ அண்ட் ஈ'. தெற்கு லண்டனில் இருக்கும் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 70 கேமராக்களைப் பொருத்தி, 28 நாள் இரவும் பகலும் ஓடவிட்டு முதல் வரிசையை எடுத்தார்கள். பிறகு டூட்டிங்கில் உள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு மாறினார்கள். நம் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி அது. நான் அரிசியும் முருங்கைக்காயும் வாங்கப் போவது அங்கேதான்.

கேமராவைத் தோளில் சுமந்தபடி நோயாளியை யாரும் சுற்றி வருவதில்லை. 'உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது' என்று யாரும் மைக்கை நீட்டுவதில்லை. சிவப்பு நிறத் தொலைபேசி ஒலிக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, மருத்துவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உயிர் பிழைத்தவர்களும் உறவினர்களும் சில நாள் கழித்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசியதை இடையிடையே வைக்கிறார்கள். என்னைப் பிடித்து வைத்திருப்பது ரத்தமோ அறுவையோ அல்ல. வெளியே காத்திருப்பவர்கள்தான். மனைவி உள்ளே இருக்க, தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கும் கிழவர்கள்.

போன வருடம் ஊருக்கு வந்திருந்தபோது மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து நான்கு இரவு ஒரு எமர்ஜென்சி வார்டின் வாசலில் படுத்திருந்தேன். அங்கே பார்த்தது இந்தத் தொடருக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. நள்ளிரவில் ஒரு மினி லாரி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நோயாளி ஒருவர், கூட வந்தவர்கள் இருபத்தைந்து பேர். அத்தனை பேரையும் ஒரே ஒரு சிஸ்டர் சமாளித்தார். இதை நம் மக்கள் பார்க்க வேண்டாமா? திருநெல்வேலிச் சீமையில் இப்படி ஒரு தொடர் எடுத்தால் என்ன? வார்டில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

களக்காட்டான்

கட்டாயம் எடுக்க வேண்டும் தம்பி. மூன்று வருடத்துக்கு முன்னால் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன என் தம்பியைப் பாம்பு கடித்தது. நான் துண்டைக் கிழித்துத் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். கால் நீலம் பாய்ந்துவிட்டது. டியூட்டி டாக்டர் கட்டை அவிழ்த்த பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, கட்டக் கூடாது, கீறக் கூடாது, அசைக்காமல் கொண்டு வர வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அதை நான் ஐம்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் இன்றைக்கும் கட்டுகிறார்கள். டாக்டர் அந்தக் கட்டை அவிழ்க்கும் காட்சி ஒன்று டிவியில் வந்தால், மேடை போட்டுப் பேசுவதைவிட அது எடுபடும்.

வெள்ளைக்கோட்டு

நான் அவசர மருத்துவத்தில் முதுநிலைப் படிக்கிறேன். களக்காட்டு அண்ணாச்சி எழுதியதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த இருபது நிமிடம்தான்.

பாம்புக்கடி என்று வந்தால் நாங்கள் செய்யும் முதல் சோதனைகளில் ஒன்றுக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்துவிடுவோம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் மூச்சு வரும். தண்ணீர் போல ஓடினால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம், உடனே விஷமுறிவு மருந்தை ஆரம்பிப்போம். அந்த 20 நிமிடம் குடும்பமே குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு தடவை ஒரு பாட்டி அந்தக் குழாயைக் கும்பிட்டார்கள். கட்டுவிரியனும் நல்லபாம்பும் கடித்தால் கதை வேறு. அவை நரம்பைத் தாக்கும், இமை சரியும், அதனால் குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதியடைய முடியாது. எந்தப் பின்னணி இசையும் இல்லாமல் அந்த 20 நிமிடத்தை அப்படியே காட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் மக்கள் பார்க்க வேண்டும். வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை 'நாங்கள் முதலில் வந்தோம், பின்னால் வந்தவனை ஏன் உள்ளே கூட்டிப் போனீர்கள்' என்பதில்தான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் வருபவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறை வந்திருக்கிறது. கை ஒடிந்து கத்துகிறவர் மஞ்சளில் காத்திருப்பார். சத்தமே இல்லாமல் வெளிறிப்போய்க் கிடப்பவர் சிவப்புக்குப் போவார். கத்துகிறவருக்கு மூச்சு வழி திறந்திருக்கிறது என்று அந்தச் சத்தமே சொல்லிவிடுகிறது. வலியில் துடிப்பவரின் அண்ணனிடம் இதை நள்ளிரவு இரண்டு மணிக்கு விளக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்திருந்தால் ஒருவேளை புரியும். இங்கிலாந்திலும் இதே தொல்லை உண்டு. வந்தவர்களில் நூற்றுக்கு 95 பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று அங்கே அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

பழைய சிஸ்டர்

முப்பத்தோரு வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாதிக்கு மேல் எமர்ஜென்சி, மீதி தீக்காய வார்டு. என் பதில்: வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

லண்டனில் ஒருவர் முகத்தைக் காட்டினால் அவர் ஒரு முகம், அவ்வளவுதான். நம் பக்கத்தில் அப்படி இல்லை தம்பி. நாங்குநேரிப் பக்கம் என்று சொன்னால் எந்த ஊர் என்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார்கள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அரிவாள் வெட்டோடு வரும் பையன்களுக்குத் தையல் போடும்போது நான் பேரைக் கூடச் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. வெட்டினவன் ஆள் அனுப்பி எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று விசாரிப்பான். புறக்காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிலை மாற்றியிருக்கிறோம். அந்தப் பையன் பிழைத்துக் கிடக்கிறான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறான் என்று டிவி சொல்ல வேண்டுமா?

அடுத்தது பெண்கள். தீக்காயத்தோடு வருகிறவள் 'அடுப்புப் பற்றிக்கொண்டது' என்றுதான் சொல்லுவாள். கட்டில் தலைமாட்டில் மாமியார் நிற்பாள். நான் மாமியாரிடம் சீட்டு வாங்கி வாருங்கள், மருந்து வாங்கி வாருங்கள் என்று ஏதாவது சொல்லி வெளியே அனுப்புவேன். கதவு சாத்தியதும் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு கதை சொல்லும். அதற்குப் பிறகுதான் மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லி அனுப்புவோம். கூரையில் ஒரு கண் இருக்கிறது என்று தெரிந்தால் அவள் வாயைத் திறப்பாளா? யாரிடம் சம்மதம் வாங்குவீர்கள்? அவளிடமா, கையெழுத்துப் போடக் காத்திருக்கும் புருஷனிடமா?

விஷம் குடித்து வருகிறவர்கள் பற்றி நான் எழுதவே விரும்பவில்லை. என்ன குடித்தார்கள், எப்படிக் கிடைத்தது என்று ஒரு வரி டிவியில் வந்தாலும் அடுத்த வாரம் அதையே குடித்து இன்னொரு பிள்ளை வரும்.

கடைசி நேரத்தில் 'வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம் சிஸ்டர்' என்று கெஞ்சுகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். உயிர் சொந்த வீட்டுத் திண்ணையில் போக வேண்டும் என்பார்கள். மூச்சுக் கொடுக்கும் ஆம்புப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே வண்டி வரைக்கும் நடந்திருக்கிறேன். அது அவர்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

பொருநைக்கரை

அக்கா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். சாதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வருடத்தில் அவ்வளவு மறந்திருக்கிறேன் என்பது வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சம்மதம் கொடுத்தவர்களை மட்டும், அவர்கள் தெளிவான பிறகு கேட்டு, மறுத்தால் அழித்துவிட்டு எடுத்தால்?

பாளை வக்கீல்

தம்பி கேட்டதற்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு பதில்.

நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். 2011 ஏப்ரலில் சாலையைக் கடந்த முதியவர் ஒருவர் மீது குப்பை லாரி மோதியது. நியூயார்க்-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஏபிசி தொலைக்காட்சி ஒரு மருத்துவத் தொடருக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் இறந்துவிட்டார். குடும்பத்திடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 2012 ஆகஸ்டில் அவருடைய மனைவி வீட்டில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனாலும் தன் கணவர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தான் இங்கே இருப்பது மனைவிக்குத் தெரியுமா என்று அவர் மருத்துவர்களிடம் கேட்பது அதில் வந்தது. பதினாறு மாதம் கழித்து, தொலைக்காட்சியில், அந்த அம்மா அதைக் கேட்டார்.

2016இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், நோயாளியின் ரகசியத்தைக் காக்கத் தவறியதாக மருத்துவமனை மீதும் மருத்துவர் மீதும் குடும்பம் வழக்கு நடத்தலாம் என்று சொன்னது. அதே ஆண்டு அமெரிக்க அரசின் சுகாதாரத் துறைக்கு அந்த மருத்துவமனை 22 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. 2018இல் பாஸ்டன் நகரின் மூன்று பெரிய மருத்துவமனைகளும் இதே போன்ற படப்பிடிப்புக்காகப் பணம் கட்டின. ஒளிபரப்பும் முன் கேட்டால் போதும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. முன் அனுமதி இல்லாமல் படப்பிடிப்புக் குழுவை உள்ளே விட்டதே தவறு என்பதுதான் அரசின் நிலை.

நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளே நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்கின்றன. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியில்லாமல் இதழ்களில் வெளியிடுவதும் தவறு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர், வழக்கில் சிக்கிய குழந்தை இவர்களின் அடையாளத்தை வெளியிட்டால் தண்டனை உண்டு. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. ஆனால் விபத்து இடத்தில் செல்போனைத் தூக்கிப் பிடிப்பவனை இவை எதுவும் தடுத்ததாக நான் பார்க்கவில்லை. என் கவலை அங்கேதான்.

ஊர்சொல்லாதவள்

வக்கீல் அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. நான் இங்கே இதுவரை படித்ததோடு சரி, எழுதியதில்லை.

அப்பா பீடிக் கம்பெனிக்கு இலை இறக்கிவிட்டு இருசக்கர வண்டியில் திரும்பி வந்தார். நான்கு வழிச்சாலையில் விபத்து. நான் அப்போது சென்னையில் விடுதியில் இருந்தேன். விபத்து நடந்தது இரவு எட்டரைக்கு. எட்டே முக்காலுக்கு எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்துவிட்டது. அம்மாவுக்கு யாரும் போன் செய்யவில்லை. பக்கத்து வீட்டு அக்கா போனைக் கொண்டு வந்து 'இது உங்க வீட்டுக்காரர் சட்டை மாதிரி இருக்கே' என்று காட்டினார்கள். அப்படித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் இறங்கும்போது யாரோ இன்னொரு வீடியோ எடுத்தார்கள். அதுவும் சுற்றியது. அப்பா பத்து மணிக்கு இறந்தார். அம்மா போய்ச் சேர்ந்தது பத்தே காலுக்கு. நான் மறுநாள் காலையில்.

அந்த வீடியோவில் சத்தம் இல்லை. யாரோ ஒரு பாட்டைச் சேர்த்திருந்தார்கள். இவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

களக்காட்டான்

அம்மா, உன் பேர் தெரியாது. படிக்கப் படிக்க நெஞ்சு அடைக்கிறது. நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பாம்புக்கடியை ஆள் வைத்து நடித்துக் காட்டினாலும் போதும்.

இரவுவண்டி

108 ஆம்புலன்ஸில் பதினோரு வருடமாக இ.எம்.டி., அதாவது வண்டியில் முதலுதவி செய்கிறவன். பெரும்பாலும் இரவு டூட்டி, நெடுஞ்சாலைப் பக்கம். தமிழ்நாட்டில் 2008இல் இந்தச் சேவை வந்தபோது எங்களுக்குப் பெரிய தொல்லை, அடிபட்டவரைத் தொட ஆட்கள் பயந்ததுதான். போலீஸ், சாட்சி, கோர்ட் என்று ஒதுங்கிப் போவார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவரைத் துன்புறுத்தக் கூடாது என்றது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்தார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும் திட்டமும் 2021 டிசம்பரில் வந்தது. இப்போது தொட ஆள் இருக்கிறது. தொடாமல் படம் எடுக்கவும் ஆள் இருக்கிறது.

நாங்கள் போய் இறங்கியதும் கழுத்துக்குக் காலர் மாட்ட வேண்டும், மூச்சு பார்க்க வேண்டும், ரத்தத்தை அடக்க வேண்டும். அதற்கு முன்னால் நான் வண்டியிலிருந்து இரண்டு போர்வையை எடுத்து நிற்பவர்களிடம் கொடுக்கிறேன். 'அண்ணாச்சி, இந்தப் பக்கம் பிடியுங்கள், தம்பி, நீ அந்தப் பக்கம் பிடி' என்று சொல்லிவிடுவேன். கையில் போர்வை இருந்தால் போன் இருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, எங்கள் பைலட் (வண்டி ஓட்டுநர்) கண்டுபிடித்தது.

கதவைச் சாத்திய பிறகு வண்டிக்குள் அவர்கள் பேசுவார்கள். நினைவு இருக்கிறவர்கள் எல்லாருமே ஏதாவது சொல்லுவார்கள். பிள்ளை பேர். மாட்டை அவிழ்க்கவில்லை. வண்டிச் சாவி எங்கே. நகையை மூன்றாம் தேதி திருப்ப வேண்டும். நான் கேட்டுக்கொண்டே ட்ரிப்ஸ் போடுவேன். ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் எழுதிக் கொடுப்பேன். அவர் சொன்னதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. அடுத்த அழைப்பு வந்துவிடும், போய்விடுவேன்.

வெள்ளைக்கோட்டு

உங்கள் ஒப்படைப்புத் தாளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் நிற்பவள் நான். 'வேறு ஏதாவது சொன்னாரா' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மருந்து ஒவ்வாமை, சர்க்கரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார், இவ்வளவுதான் கேட்போம். இனிமேல் கேட்பேன்.

பொருநைக்கரை

தொடரைப் பற்றி ஒரு நல்ல விவாதம் நடக்கும் என்று நினைத்து ஆரம்பித்தேன். வேறு எங்கோ வந்துவிட்டோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நேற்று இரவு ஒரு பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். இந்த முறை, படத்தில் இல்லாதவர்களை நினைத்துக்கொண்டே பார்த்தேன். 28 நாள் 70 கேமரா ஓடியதில் ஒளிபரப்பானது மிகச் சிறிய துண்டு. மீதி எல்லாம் யாருடையது?

தங்கைக்கு ஒரு கேள்வி. பதில் சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அன்றைக்கு அந்த வார்டில் ஒழுங்காக, சட்டப்படி ஒரு கேமரா இருந்து, ஆறு மாதம் கழித்து யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து, 'இதில் உங்கள் அப்பா இருக்கிறார், காட்டலாமா' என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஊர்சொல்லாதவள்

நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன் அண்ணா. எழுதி அனுப்பப் போன சமயத்தில் அம்மா என்ன தட்டிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார்கள். இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சிஸ்டர் அக்கா எழுதியது, நியூயார்க் அம்மா, போர்வை எல்லாவற்றையும். அம்மா பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்கள். நியூயார்க் அம்மா வந்த இடத்தில் கை நின்றது.

'ஊருக்குக் காட்ட வேண்டாம். ஆனால் அப்பா அதில் பேசியிருந்தால் எனக்கு மட்டும் போட்டுக் காட்டச் சொல்' என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, 'பேச முடிந்ததா, முடியவில்லையா என்றாவது தெரிந்தால் போதும்' என்றார்கள். எட்டே முக்காலிலிருந்து பத்து மணி வரைக்கும் என்ன நடந்தது என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலில் (ஏ.ஆர். காப்பி) இருப்பது காயங்களின் அளவு மட்டும். ஏழு வருடமாக அம்மா மனதில் இது இருந்திருக்கிறது. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பழைய சிஸ்டர்

மகளே, இறந்தவர் மேலே கிடக்கும் மோதிரம், கைக்கடிகாரம், சட்டைப் பையிலிருக்கும் சில்லறை எல்லாவற்றையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்போம். ஒரு ரூபாய் குறைந்தால் விசாரணை வரும். கடைசியாகச் சொன்னதை ஒப்படைக்க எங்களிடம் ஒரு நோட்டுக் கூட இருந்ததில்லை. எத்தனையோ பேர் சொன்னது இன்னும் என்னிடமே இருக்கிறது. வாங்க வேண்டியவர்கள் யார் என்றே எனக்குத் தெரியாது.

ஆனால் வார்டில் இருந்தவர்கள் மறப்பதில்லை. அன்று இரவு டூட்டி பார்த்த பிள்ளைகளில் சிலரையாவது எனக்குத் தெரிந்திருக்கும். சிலர் மாற்றலாகிப் போயிருப்பார்கள், கண்டுபிடித்துவிடலாம். உறுதி சொல்ல மாட்டேன், விசாரிக்கிறேன். தேதி, ஆஸ்பத்திரி, கொண்டு போன நேரம் மூன்றையும் தனிமடலில் அனுப்பு. இங்கே எழுதாதே. அம்மாவின் போன் நம்பரையும் அனுப்பு. கிடைத்தால் நான் உன்னிடம் சொல்ல மாட்டேன், அம்மாவிடம் நேரே சொல்கிறேன்.

இரவுவண்டி

சிஸ்டர் அக்கா, நேரம் தெரிந்தால் எனக்கும் அனுப்புங்கள். அந்தப் பக்கம் அப்போது ஓடிய வண்டிகளின் ஆட்களை எனக்குத் தெரியும்.